செருப்புத் தோட்டில் தலைவர் படம்

திண்டுக்கல்,
வெள்ளிக்கிழமை

மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய பெரியப்பா கண்ணுசாமி அவர்களுக்கு,

தங்கள் தம்பி மகள் சுகன்யா வணங்கி எழுதுவது. நான் சுகம். கடையும் இன்று வரைக்கும் சுகம். தங்கள் சுகத்தை விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை. நேற்று சாயங்காலம் கடை வாசலில் நின்று தாங்கள் போட்ட சத்தத்தில் தொண்டை, நுரையீரல் இரண்டும் நல்ல நிலையில் இருப்பது தெருவுக்கே தெரிந்துவிட்டது.

போன் பண்ணினால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். "பேச்செல்லாம் வேணாம், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு" என்று சொல்லிவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் வாசிப்பதற்கு ஒரு கடிதம் வேண்டும். அதில், நம் தலைவர் படத்தைச் செருப்பில் வைத்து அவமானப்படுத்தியது பேச்சிமுத்துதான் என்று நான் எழுத வேண்டும். எழுதினால் கடை எனக்கு, எழுதாவிட்டால் திங்கட்கிழமை காலையில் கடைக்குப் பூட்டு. இவ்வளவுதானே? அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நடந்ததை எழுதுவதென்றால் முதலில் இருந்து எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு வேறு விதமாக எழுத வராது.

சங்கத்துப் பெரியவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் என் தொழிலைப் பற்றி முதலில் சொல்கிறேன். வேடசந்தூர் நூல் மில்லில் நான் வேலை பார்த்தபோது, மில் விடுதியில் எங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி செருப்புக் கொடுத்தார்கள். மேலே ஓட்டை ஓட்டையாக இருக்குமே, மெத்துமெத்தென்று, அந்தச் செருப்பு. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனால், திரும்பி வரும்போது எது யாருடையது என்று தெரியாது. பத்து நிமிஷச் சாப்பாட்டு நேரத்தில் அஞ்சு நிமிஷம் செருப்புத் தேடிவிட்டு, லேட்டாக வந்தாய் என்று சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குவோம். ஒருநாள் கோபத்தில் என் தலை கிளிப்பில் இருந்த பிளாஸ்டிக் ரோஜாவைப் பிய்த்துச் செருப்பின் ஓட்டையில் சொருகினேன். மறுநாள் பக்கத்துக் கட்டில் பிள்ளை எனக்கும் ஒன்று என்றது. மாதம் முடிவதற்குள் விடுதி வாசல் பூந்தோட்டம் மாதிரி ஆகிவிட்டது. மில்லில் ஒழுங்கு கெடுகிறது என்று என்னை வெளியே அனுப்பினார்கள். அந்த ஒழுங்கின்மையைத்தான் இப்போது உங்கள் இரும்புக் கடைக்கு ஒட்டினாற்போல, மாடிப்படிக்குக் கீழே வைத்து விற்கிறேன்.

பேகம்பூரில் இருந்து வரும் அக்காமார்கள் இதற்கு வைத்த பெயர் செருப்புத் தோடு. காதில் தோடு மாதிரிதான், ஓட்டையில் அழுத்தினால் நிற்கும், பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். மல்லிகை, பிறை, சிலுவை, பூட்டு, தக்காளி, ஆட்டுக்குட்டி, பேரின் முதல் எழுத்து, எது கேட்டாலும் என்னிடம் உண்டு. வார்ப்பதும் படம் அச்சடிப்பதும் பேச்சிமுத்து. அவன் நம் ஊர்க்காரன், பி.காம் படித்துவிட்டுச் சின்ன மிஷின் ஒன்று வாங்கி என் கடை மூலையிலேயே போட்டிருக்கிறான். பெரியம்மாகூட மாதத்துக்கு ஒரு தோடு மாற்றுகிறார். தாங்கள் அவர் காலைப் பார்க்காததால் தங்களுக்குத் தெரிய நியாயம் இல்லை.

இப்போது விஷயம். தலைவர் பிறந்தநாளுக்கு முந்தின வாரம், தாங்களே கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு தக்காளித் தோட்டைக் கையில் எடுத்தீர்கள்.

"இது என்னத்தா, கழண்டு கழண்டு வருது?"

"அப்படித்தான் வரணும் பெரியப்பா. மாத்தி மாத்திப் போட்டுக்கிரலாம்."

"இதுல தலைவர் படம் வருமா?"

"எந்தப் படமும் வரும். ஆனா இது செருப்புக்கு..."

"எனக்கே சொல்லித் தாரியா நீ? கருப்பணன் கோஷ்டி இந்த வருஷம் சட்டையில பேட்ஜ் குத்திட்டு வாரானாம். நம்ம பசங்க தலையிலேர்ந்து கால் வரைக்கும் தலைவரா இருக்கணும். அவன் வயிறு எரியணும்."

கருப்பணன் யார் என்று சங்கத்துக்குத் தெரியும். ஒரே சங்கம், ஒரே தலைவர், ஒரே கொடி. யார் முதலில் மாலை போடுவது என்பதில் மட்டும் இரண்டு கோஷ்டி. அப்போது பேச்சிமுத்து மிஷின் பக்கம் இருந்து தலையை நீட்டி, "சார், தலைவர் படம் ஒரு காலுக்கா, ரெண்டு காலுக்குமா?" என்று கேட்டான். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. தாங்கள் சிரிக்காமல் பதில் சொன்னீர்கள்: "ரெண்டுக்கும்தான்டா. தலைவருக்கு ஒரு கால் ஒசத்தி ஒரு கால் மட்டம்னு கெடையாது." சமத்துவத்தைப் பற்றித் தாங்கள் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான் பெரியப்பா.

முந்தாநாள் நடந்த பிறந்தநாள் ஊர்வலத்தைக் குறை சொல்ல மாட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது. நம் ஆட்கள் எல்லோர் காலிலும் ஊதாச் செருப்பு, ஒவ்வொரு செருப்பிலும் மீசையோடு தலைவர். ரெட்டியார்சத்திரம் தாண்டி நம் ஊர் விலக்கில் இருக்கும் சிலை வரைக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. கருப்பணன் ஆட்கள் தங்கள் சட்டைப் பேட்ஜையும் நம் ஆட்களின் காலையும் மாறி மாறிப் பார்த்து வெம்பிக்கொண்டு வந்தார்கள். ஆனால் சிலைக்கு மாலை போடுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற நம் வழக்கத்தை நானும் நினைக்கவில்லை, தாங்களும் நினைக்கவில்லை. எல்லோரும் கழற்றினார்கள். மேலே பீடத்தில் ஒரு தலைவர். கீழே செருப்புக் குவியலில் நூற்றுக்கணக்கான தலைவர், அண்ணாந்து தன்னையே பார்த்துக்கொண்டு. மாலை போட முண்டியடித்தவர்கள் அந்தக் குவியல் மேலேயே ஏறி நின்றார்கள். கருப்பணன் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தபடி, "ஐயோ, தலைவர் மொகத்துல மிதிக்கிறாய்ங்களே!" என்று கத்தினார்.

அங்கேதான் தங்கள் திறமையை நான் கண்டேன். வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிஷமாவது முழித்திருப்பார்கள். தாங்கள் முழிக்கவே இல்லை. காலைச் செருப்புக்குள் விட்ட கையோடு, கருப்பணனைவிட ரெண்டு மடங்கு சத்தமாக, "எவன்டா எங்க தலைவரை அவமானப்படுத்துனது?" என்று கேட்டுவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டீர்கள். தாங்கள் உட்கார்ந்ததும் கருப்பணனும் உட்கார்ந்தார், உட்காராவிட்டால் அவர் தலைவரை மதிக்கவில்லை என்று ஆகிவிடுமே. பிறகு ரெண்டு கோஷ்டியும் செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தது. பழனி ரோடு நின்றுபோனது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப்போன வண்டிக்காரர் ஒருவர், யார் யாரை அவமானப்படுத்தியது என்று விசாரித்துவிட்டு, விஷயம் கேட்டதும் வண்டிக்குப் பின்னால் போய்த் தனியாகச் சிரித்துவிட்டு வந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்தார்.

"யார் மேலய்யா புகாரு?"

"அடையாளம் தெரியாத சமூக விரோதி மேல" என்றீர்கள்.

"அடையாளம் நல்லாத்தான தெரியுது. எல்லாரும் காலைச் செத்த நீட்டுங்க, பாப்போம்."

சாலை மறியல் நொடியில் சம்மணம் போட்டுவிட்டது. வேட்டி கட்டியவர்கள் வேட்டியை இழுத்துவிட்டார்கள். பேண்ட் போட்டவர்கள் பாடு சிரமமாகப் போய்விட்டது. பிறகு எல்லோரும் குனிந்து தோட்டைக் கழற்ற ஆரம்பித்தார்கள். கழற்றிய பிறகு பிரச்சினை இன்னும் பெரிசு. தலைவரைக் கீழே எறிய முடியாது, அவமதிப்பு. சட்டைப் பையில் வைக்க முடியாது, செருப்பில் இருந்தது, தீட்டு. ஒருவர் பழக்கத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் ஞாபகம் வந்து தண்ணீர் பாட்டில் கேட்டுக் கண்ணைக் கழுவினார். கடைசியில் எல்லாவற்றையும் தங்கள் துண்டில் போட்டார்கள். தோட்டைப் பிடுங்கும் அவசரத்தில் செருப்புகள் கலந்துவிட்டன, எல்லாம் ஒரே ஊதா. யார் செருப்பு யாருடையது என்று நம் ஆட்களுக்குள்ளேயே அடிதடி. இருட்டும் வரைக்கும் அந்த வழக்கு நடந்தது. தலைவர் பிரச்சினையைவிட அதற்குத்தான் அதிக நேரம் ஆனது.

இது வரைக்கும் நான் சிரித்தேன் பெரியப்பா, ஒளிக்கவில்லை. அந்தத் துண்டை நேற்று சாயங்காலம் என் மேஜையில் தாங்கள் அவிழ்த்துக் கொட்டிவிட்டு, "காலனிப் பயதான் வேணும்னே பண்ணான்னு எழுதிக் குடு, அவன் மேல கேசைப் போட்டு அலைய விட்டா கருப்பணன் வாய மூடிக்கிருவான்" என்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. காலனி என்ற அந்த வார்த்தையை அரசாங்கமே வேண்டாம் என்று சொல்லிவிட்டது, தங்கள் வாய்க்கு இன்னும் அரசாணை வரவில்லை போல.

பேச்சிமுத்துவின் அப்பா நம் தெரு முனைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்ததைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். தாங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் அவர் அப்படி நடந்தார். பேச்சிமுத்து அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வான். "எங்கப்பா செருப்பு தேயவே தேயாது சுகன்யா, பாதி தூரம் அவருதான அதைச் சொமப்பாரு" என்பான். அதற்காக இந்த ஊரில் எவனும் ரோட்டில் உட்காரவில்லை. தலைவர் படம் செருப்பில் போனால் மானம் போகிறது. ஒரு மனுஷன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போனால் போகாத மானம் அது. இது எந்தக் கணக்கு என்று கூட்டத்தில் யாருக்காவது தெரிந்தால் சொல்லட்டும்.

நேற்று ராத்திரியில் இருந்து அவன் போன் ஆஃப். இன்று மதியம் என் கடைக்கு வந்து, "எங்கம்மா திருப்பூருக்குப் போயிருன்னு அழுகுது. நீ எழுதிக் குடுத்துரு. இல்லாட்டி ஒனக்குக் கடை போயிரும்" என்றான். "கேசு போட்டா என்னடா பண்ணுவ?" என்றேன். "கோர்ட்டுக்கு எந்தச் செருப்புப் போட்டுட்டுப் போறதுன்னுதான் யோசனை" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு மிஷினின் பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுற்றி வைத்துவிட்டுப் போனான்.

ஆகையால் பெரியப்பா, அந்தக் கடிதத்தை நான் எழுத மாட்டேன். படத்தைக் கேட்டது தாங்கள். ரெண்டு காலுக்கும் கேட்டதும் தாங்கள். போட்டுக்கொண்டது சங்கம், மிதித்ததும் சங்கம். இதுதான் என் வாக்குமூலம், கூட்டத்தில் வாசித்துக்கொள்ளலாம். தாங்கள் பெரிய மனசு பண்ணிக் கொடுத்த இடத்தை நாளை சாயங்காலத்துக்குள் காலி செய்கிறேன். அட்டைப் பெட்டிகள் வாங்கியாயிற்று. பஸ் ஸ்டாண்டு பக்கம் தரையில் துண்டு விரித்தாவது விற்றுக்கொள்வேன். தாங்கள் செய்த உதவிக்கு நன்றி. எதிர்த்துப் பேசியதற்கு மன்னிப்பு. தலைவர் தோடுகளை ஒரு டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன். எறிவதா கும்பிடுவதா என்று சங்கம் தீர்மானம் போட்டதும் சொல்லி அனுப்பவும்.

தாங்கள் நீண்ட ஆயுளோடும், மூட்டு வலி இல்லாமலும், இனி உட்காரும் எந்த ரோட்டிலும் வெயில் படாமலும் இருக்க வேண்டிக்கொள்கிறேன். தம்பி தங்கைகளுக்கு என் அன்பு. தங்கள் பாதங்களைத் தொட்டு வணங்குகிறேன். பாதத்தில் இப்போது யார் படமும் இல்லை என்ற நம்பிக்கையில்.

தங்கள் தம்பி மகள்,
சுகன்யா

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது பெரியம்மா அய்யம்மாள் கடைக்கு வந்தார். "என்னடி இது, அட்டைப் பெட்டியா இருக்கு?" என்றார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முழுசையும் கேட்டுவிட்டு, "காலி பண்ணச் சொல்ல அவரு யாருடி? இது எங்கப்பா எனக்குக் குடுத்த எடம். அந்த மனுஷனே என் எடத்துலதான் இரும்பு விக்கிறாரு. இம்புட்டு வருஷத்துல ஒரு பைசா வாடகை குடுத்திருக்காரான்னு கேட்டுச் சொல்லு" என்றார். கேட்டுவிட்டேன், பதில் எழுதவும். எனவே மேலே காலி செய்கிறேன் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். பெரிய மனசுக்குச் சொன்ன நன்றியையும் அடித்துவிடுங்கள், அது வேறு ஒருவருக்குப் போக வேண்டியது. மன்னிப்பையும் அடித்துவிடுங்கள். வேண்டுதல்கள் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

பெரியம்மா பேச்சிமுத்து வீட்டுக்கு ஆள் அனுப்பி, "ஏலே, திருப்பூருல ஒனக்கு என்ன வச்சிருக்கு? நாளைக்குக் காலையில வந்து மிஷினைப் போடுறா" என்று வரச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கடிதம் வேண்டும் என்பதில் அவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதை எழுத வேண்டியது தாங்களாம். நான்தான் கேட்டேன், நான்தான் போடச் சொன்னேன், அந்தப் பையனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரும் வரைக்கும் தங்களுக்குச் சாப்பாடு சங்க ஆபீஸில்தானாம். பேனா இல்லையென்றால் கடைக்கு வாருங்கள், பேச்சிமுத்துவிடம் இருக்கும். அவன் ஸ்டூலில் உட்கார்ந்தபடிதான் எடுத்துத் தருவான், எழுந்து நிற்க மாட்டான். மனதைத் தயார் பண்ணிக்கொண்டு வாருங்கள்.