சாயம் திரும்பிய சாரம்

தங்கள் குடும்பத்துக்கென்று ஒரு துணி நெய்விப்பது என்று பாலச்சந்திரன் தீர்மானித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோற்றுக்கும் பாயாசத்துக்கும் இடையில்.

காரணம் சம்பந்தி மரியான். மகள் மிருணாளினி கட்டப்போகிற லூடோவிக்கின் தாய். புருஷன் பிரெஞ்சுக்காரர் என்றாலும் மனுசி பிறந்தது ஸ்கொட்லாந்தில். அந்த ஊர் ஆம்பிளைகள் கலியாணத்துக்குப் பாவாடை மாதிரி ஒன்று கட்டுவார்கள், கில்ட் என்று பெயர். அதன் துணியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் ஓடும், அதற்கு டார்ட்டன் என்று பெயர். குடும்பத்துக்குக் குடும்பம் கட்டம் வேறு. புதிதாகவும் ஒன்று போட்டுக்கொள்ளலாமாம். எந்த நிறம், எத்தனை இழை, எதற்குப் பக்கத்தில் எது என்று சொன்னால் போதும், தறி வைத்திருக்கிற மரியானின் மச்சான் நெய்து தருவார். இரண்டு குடும்பமும் சேர்ந்த கட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டு மணவறையில் நிற்க லூடோவிக்குக்கு ஆசை.

"எங்கட நிறம் சிவப்பு. உங்கட நிறங்கள் என்ன, மொசியூ பாலா?" என்று மரியான் பிரெஞ்சில் கேட்டாள்.

பாலச்சந்திரன் எழும்பி அறைக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் அவருடைய நீலச் சாரம், வீட்டில் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற கட்டம்போட்ட கைலி, இருந்தது. விருந்தாளிகள் வந்தால் அதை உடுத்திக்கொண்டு வெளியே வரக்கூடாது என்பது மனைவி கோசலையின் சட்டம். மடித்துக் கையில் கொண்டுவருவதற்குச் சட்டம் இல்லை.

"பப்பா, நோன், வேண்டாம்," என்றாள் மிருணாளினி. கதை வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

கதை வந்தது. சமையலறைகளில் பழகிய பிரெஞ்சில் வந்தது. ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று பெற்ற ஐயா சந்தையில் வாங்கிக் கையில் தந்த சாரம். இரண்டு காடும் மூன்று எல்லையும் தாண்டினது. வழியில் போர்வை, தலையணை, மழைக்குக் குடை. இங்கே வந்து சேர்ந்து, ரூ லூயி-பிளாங் என்கிற தெருவில் ஒற்றை அறைக்குள் ஒரு பட்டாளமே படுத்த காலத்தில் கோசலை வந்திறங்கினாள். நண்பர்கள் பெருந்தன்மையோடு அறையில் பாதியை விட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பாதிக்கும் இந்தப் பாதிக்கும் நடுவில் கயிறு கட்டித் தொங்கியது இந்தச் சாரம்தான். குடித்தனத்தின் முதற் சுவர்.

"எல்லாத்தையும் விட ஒரு அதிசயம்," என்றார். ஒரு கட்டத்தில் சாயமெல்லாம் போய் அது சட்டி கழுவின தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டதாம். ஒருநாள் தோய்த்துக் காயவிட, போன நிறம் அப்படியே திரும்பி வந்ததாம். "அதுதான் எங்கட ஊர் நூல்."

மரியான் நெஞ்சில் கை வைத்தாள். "பாயாசம் ஆறுது," என்றாள் கோசலை.

அடுத்த நாளே வேலை தொடங்கியது. பாலச்சந்திரன் பூதக்கண்ணாடியும் குண்டூசியுமாகச் சாரத்தின் மேல் கவிழ்ந்து இழை எண்ணுவார். லூடோவிக் பக்கத்தில் இருந்து கணினியில் கட்டம் போடுவான். கோசலை சாப்பிடக் கூப்பிட்டால் எண்ணிக்கை பிசகிவிடும், திரும்ப முதலில் இருந்து. நிறத்துக்கு ஒரு விளக்கமும் அவர் வைத்தார். நீலம், ஊர்க் கடல். வெள்ளை, எல்லையில் மிதித்த பனி. மெல்லிய மஞ்சள், அந்த அறையில் எரிந்த ஒற்றை பல்ப். கலியாண மண்டபத்தில் எல்லாருக்கும் கொடுக்கிற அட்டையில் இந்த விளக்கத்தை அச்சடிக்கப் போவதாக மரியான் சொன்னதும் அவர் நடக்கிற நடையே மாறிவிட்டது.

கீழ்மாடி இராஜேந்திரன் மாடிப்படியில் மறித்தார். "என்னண்ணை, சாரத்துக்குப் போய் ஸ்கொட்லாந்தே? லூயி-பிளாங் கடையில கொத்தாத் தொங்குது."

"அது சாரம், தம்பி. இது சரித்திரம்."

அப்போதுதான் தறிக்காரர் ஒரு வார்த்தை அனுப்பினார். படத்தில் பார்த்துச் சாயம் சேர்க்க முடியாது, துணியைத் தபாலில் அனுப்பினால் நல்லது, ஒரு மூலையை வெட்டி வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி விடுகிறேன் என்று.

பாலச்சந்திரன் இடிந்துபோய் உட்கார்ந்தார். அனுப்பாவிட்டால் கட்டம் இல்லை, அட்டை இல்லை, மரியானுக்கு முன்னால் மரியாதையும் இல்லை. அனுப்பினாலோ கத்தரி. தபாலில் தொலைந்தால் அதுவும் இல்லை. ஐயாவின் செத்தவீட்டுக்குக்கூடப் போகக் கிடைக்கவில்லை, அப்போது விசாவும் இல்லை, வழியும் இல்லை. ஐயாவின் கை பட்டதென்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அன்றைக்குப் புட்டை அப்படியே வைத்துவிட்டார்.

கோசலை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தாள். சாப்பிடாத புட்டுக் கோப்பையைப் பார்த்தாள். முருகா என்றுவிட்டு அலுமாரியைத் திறந்து, சீலைகளுக்கு அடியில் கையை விட்டு, ஒரு பொதியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதை அனுப்புங்கோ. நல்லா வெட்டட்டும்."

பிரித்தார். அதே நீலம். அதே வெள்ளை. அதே மஞ்சள். விலைத்துண்டுகூடக் கழற்றவில்லை.

"இது எங்கால வந்தது?"

"எப்பவும் ஒண்டு வாங்கி வைச்சிருப்பன்."

"ஏன்?"

கோசலை கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "ஐயான்ர செய்தி வந்த கிழமை, தோய்க்கேக்க அது ரெண்டாக் கிழிஞ்சு போச்சு. நீங்கள் அழவும் தெரியாமல் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தியள். அந்த நேரம் அதையும் என்னெண்டு சொல்லுறது? கடைக்குப் போய் ஒண்டு வாங்கிக் கொண்டுவந்து கொடியில போட்டன். நீங்கள் பாத்திட்டு, சாயம் திரும்பி வந்திருக்கெண்டு கேட்டியள். புதுச் சோப்புத்தூள் எண்டு சொன்னன்."

பாலச்சந்திரனுக்கு நினைவு வந்தது. அந்தத் தூளைத்தான் அவர் வருஷக்கணக்காகத் தேடித் தேடி வாங்கினார். வேலை செய்த ரெஸ்ரோறண்டில் எல்லாருக்கும் சிபாரிசும் செய்தார்.

"அப்ப நான் உடுத்துறது அந்த ரெண்டாவது?"

"நாலாவது."

அவர் சாரத்தைப் பார்த்தார். சாரம் அவரைப் பார்த்தது.

"நான் இதோட ரெண்டு காடு தாண்டினனான், கோசலை."

"காடு தாண்டினது வேற. இது இன்னும் மெட்ரோவே தாண்டேல்லை."

"நிறமாவது அதே நிறமோ?"

"இல்லையப்பா. ஐயா தந்தது பச்சை, வெளிறினதில நீங்கள் மறந்திட்டியள். கடையில பச்சை முடிஞ்சுது எண்டவங்கள், நீலம்தான் இருந்தது."

ஊர்க் கடல் அந்த இடத்திலேயே வற்றிப்போனது. பச்சை என்று அடித்துச் சொல்ல உனக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டுப் பார்த்தார். கோசலை சிரித்தாள்.

"உங்கட கூட்டாளிமார் அங்கால சீட்டு விளையாட, நான் இங்கால அதைத்தானே பாத்துக்கொண்டு கிடந்தனான். அவையின்ர பல்ப் வெளிச்சம் அதுக்குள்ளால வரும். பச்சையாத் தெரியும். அம்மன் கோயில் குளம் மாதிரி. அதைப் பாத்துத்தான் கும்பிடுவன்."

கிழிந்த அந்தத் துணி எங்கே என்று பாலச்சந்திரன் கேட்டார்.

"ஒவ்வொரு நாளும் கும்பிடேக்க பாக்கிறியள்."

சாமித்தட்டில், விளக்கின் அடியில், எண்ணெய் ஊறிக் கறுத்த ஒரு துண்டு கிடந்தது. விளக்குத் துடைக்கிற துணி. மிச்சமெல்லாம் தேய்ந்து முடிந்து இது ஒன்றுதான் மீதி என்றாள். அவர் அதை எடுத்து, மடித்துத் தைத்த கரையை நகத்தால் நெம்பிப் பார்த்தார். வெயிலும் தோய்ப்பும் எண்ணெயும் படாத அந்த மடிப்புக்குள், ஒரு நூல் அகலத்துக்கு, பச்சை இருந்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு லூடோவிக்குக்குப் போன் எடுத்தார். நீலம் அப்படியே இருக்கட்டும், அட்டையில் கடல் வந்துவிட்டது. ஆனால் நட்டநடுவில் ஒற்றைப் பச்சைக் கோடு ஒன்று ஓட வேண்டும். அதற்கு என்ன விளக்கம் எழுதுவது என்று மரியான் போனை வாங்கிக் கேட்டாள். பாலச்சந்திரன் கோசலையைப் பார்த்தார்.

"அது வீட்டுச் சுவர்," என்றார்.

மரியானுக்கு விளங்கியதோ தெரியாது, எழுதிக்கொண்டாள். கோசலைக்கு அடுப்படியில் அவசரமாக ஏதோ அலுவல் வந்துவிட்டது.

புட்டைச் சூடாக்கித் தந்தபோது பாலச்சந்திரன் கண்டிப்பாக ஒன்றைச் சொல்லி வைத்தார். இனிமேல் தன்னைக் கேட்காமல் தன் சாரத்தில் யாரும் கை வைக்கக்கூடாது. ஏமாறின காலம் போய்விட்டது, இனி ஒவ்வொரு தோய்ப்புக்குப் பிறகும் தானே பரிசோதிப்பார். கோசலை, ஓம் ஓம் என்றாள்.

கலியாணம் முருகன் அருளால் வடிவாக நடந்தது. லூடோவிக் சிவப்பும் நீலமும் பச்சைக் கோடுமாகக் கில்ட் கட்டி நின்றான். பெரியம்மாமார் முழங்காலைப் பார்ப்பதா முகத்தைப் பார்ப்பதா என்று திண்டாடினார்கள். அதே துணியில் ஒரு சால்வை பாலச்சந்திரனின் பட்டுவேட்டிக்கு மேலே தொங்கியது. இராஜேந்திரன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கடைச் சரக்கில்லை என்று ஒப்புக்கொண்டார். பாலச்சந்திரன் அட்டையை அவருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

மறுநாள் காலை வீடு வெறிச்சென்று கிடந்தது. பிள்ளை போன வீடு. தோய்ந்து குளித்துவிட்டு வந்து, கொடியில் கிடந்த சாரத்தை உருவிக் கட்டிக்கொண்டு, சாமிக்கு முன்னால் நின்றார். கும்பிடக் குனிந்தபோது விளக்கடியில் புதிதாகக் கிழித்த ஒரு துண்டு கண்ணில் பட்டது. நீலத் துண்டு.

மெதுவாகத் தன் இடுப்பைப் பார்த்தார். பச்சைக் கட்டம், பளிச்சென்று.

"கோசலை," என்று கூப்பிட்டார். "இது என்னப்பா?"

"புதுச் சோப்புத்தூள்," என்றாள் கோசலை, அடுப்படியில் இருந்து.