ஒன்பது லிட்டர் மரியாதை

"ஏங்க, வீடியோல கறுப்பா வருது. உங்களுக்கு மட்டும் ஏன் செவப்பா வருது?"

மாப்பிள்ளை காருக்கு அடியில மல்லாந்து படுத்திருந்தான். வெளிய தெரிஞ்சது ரெண்டு பாதம் மட்டும்தான். அவன் பொண்டாட்டி ஒரு கையில போனும் இன்னொரு கையில டார்ச்சுமா பக்கத்துல குத்த வச்சு உக்காந்திருந்தா.

"வீடியோல இருக்கறது சாதா கார். இது ஸ்போர்ட்ஸ் கார். விலைக்கேத்த கலர்தான் வரும்."

"ஆமா ஆமா. இன்னும் கொஞ்சம் விட்டா மினுக்கு ஜிகினாவும் வரும்."

அந்த அடுக்குமாடியோட கீழ்த்தள பார்க்கிங்ல மத்த வண்டியெல்லாம் பொறுப்பான குடும்பஸ்தன் மாதிரி நின்னுச்சு. இது ஒண்ணு மட்டும் தரையோட தரையா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அடியில போகணும்னா ஒண்ணு ஜாக்கி வைக்கணும், இல்ல பல்லியாப் பொறக்கணும்.

கார் மாமனாரோடது. நாப்பது நாள் வெளியூர் கிளம்புறப்ப, சாவிய இவன் உள்ளங்கையில வச்சு, விரல மூடி, "உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். பாத்துக்கோங்க மாப்பிள்ளை"ன்னாரு.

கல்யாணமாகி எட்டு மாசத்துல அந்த வீட்டுல அவனுக்குக் கெடச்ச மொத மரியாதை அது. மூணு மாப்பிள்ளைல இவன் கடைசி. மூத்த சகலை பல் டாக்டர். நடு சகலை வீடு கட்டி விக்கிறவரு. இவன் கண்ணாடிக் கடையில உக்காந்து, "இந்த எழுத்து தெளிவா இருக்கா, இல்ல இதுவா?"ன்னு நாள் பூரா கேக்குறவன். குடும்ப போட்டோல இவன நிக்கச் சொல்ற எடத்துல பாதி உடம்பு ஃபிரேமுக்கு வெளிய போயிரும்.

சாவி வந்த அன்னிக்கே காரோட செல்ஃபி எடுத்து குடும்ப குரூப்ல போட்டான். ஒரே நிமிஷத்துல ரெண்டு சகலையும் கைதட்டுற பொம்மை அனுப்பிட்டாங்க.

"பூரா வயித்தெரிச்சல்"ன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னான். "வெளிய காட்டிக்க மாட்டாங்க."

மூணாவது நாள் டேஷ்போர்டுல ஆரஞ்சு லைட்டு எரிஞ்சுச்சு. ஆயில் மாத்தணுமாம். கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டான். ஒரு பொண்ணு நிதானமா ஒரு எண்ணச் சொல்லுச்சு.

"போன் நம்பர் வேணாங்க, விலை சொல்லுங்க."

"விலைதான் சார் சொன்னேன்."

ரெண்டு மாசச் சம்பளம். ஆயில் மட்டும் ஒன்பது லிட்டர். அடித் தகட்டுல இருபத்தெட்டு ஸ்குரூ. அதுல எட்டு, ஒருவாட்டி கழட்டினா திரும்ப மாட்டக் கூடாதாம்.

"நாங்க ஓட்டவே இல்லீங்க. சும்மாதான் நிக்குது."

"நின்னாலும் ஆயிலுக்கு வயசாகும் சார்."

மாமனாரையே கேட்டிருக்கலாம். ஆனா அவர்கிட்ட மொத மொதல்ல பேசினப்பவே, "கார்னா எனக்கு உசுரு மாமா, நட்டு நட்டா பிரிச்சு மாட்டுவேன்"னு ஒரு பிட்டப் போட்டு வச்சிருந்தான். அதுவரைக்கும் அவன் பிரிச்சு மாட்டினது மூக்குக்கண்ணாடி.

அதான் இப்ப அடியில படுத்துக் கிடக்கான்.

செவப்பு சொட்டு நின்னதும் போல்ட்ட மாட்டி, மேல புது ஆயில ஒன்பது லிட்டர் ஊத்தி, ஸ்டார்ட் பண்ணினான். வண்டி ஒரு தும்மு தும்முச்சு. பின்னாடி வெள்ளப் பொகை. கியரப் போட்டான், நகரல. ஆக்ஸிலேட்டர மிதிச்சான், பொகைதான் நகர்ந்துச்சு.

தெருமுனை ஸ்கூட்டர் மெக்கானிக் ஸ்பேனர் அண்ணனக் கூப்பிட்டான். அவரு வந்து, செவப்புத் தண்ணிய விரல்ல தொட்டு, மோந்து பாத்து, மாப்பிள்ளைய மேலயும் கீழயும் பாத்தாரு.

"தம்பி, நீ எறக்கினது கியர் ஆயிலு. இஞ்சின்ல பழசு ஒன்பது லிட்டர் அப்படியே இருக்கு, அது தலை மேல புதுசு ஒன்பது. ஒரு பக்கம் பட்டினி, ஒரு பக்கம் அஜீரணம்."

"ரெண்டு போல்ட்டும் ஒரே மாதிரி இருந்துச்சுண்ணே."

"ஊருக்கே கண்ணு டெஸ்ட் பண்ற ஆளு நீ!"

"நீங்க கார் பாத்திருக்கீங்கல்ல?"

"ரோட்டுல போறப்ப பாத்திருக்கேன்"ன்னு சொல்லிட்டே ஸ்பேனர் அண்ணன் அடியில பூந்துட்டாரு.

இஞ்சின் ஆயில எறக்கணும். பதினெட்டு லிட்டர். துணி ஊறப் போடுற டப்பு, குளிக்கிற வாளி, ரெண்டு குடம், கடைசியா குக்கரும் கீழ வந்துச்சு. ஸ்பேனர் அண்ணன் மொத திருகின போல்ட்டுல பச்சையா ஊத்துச்சு.

"இது இஞ்சின் சூட்ட ஆத்துற கூலண்ட்டு. பரவால்ல, தெரிஞ்சுக்கிட்டோம்"ன்னு இன்னொண்ணத் திருகினாரு. மஞ்சளா வந்துச்சு. "இது பிரேக் ஆயிலு. இப்ப தெளிவாயிருச்சு."

"செவப்பு, மஞ்சள், பச்சை"ன்னா பொண்டாட்டி. "இனிமே வண்டி நகரவே வேணாம், சிக்னலா நிக்கட்டும்."

நாலாவது போல்ட்டுலதான் கறுப்பு வந்துச்சு. அப்ப பாத்து அசோசியேஷன் செகரட்டரி வாக்கிங் முடிச்சிட்டு வந்தாரு. தரையில செவப்பா குட்டை. வண்டிக்கு அடியில நாலு காலு. மனுஷன் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு, "ஐயோ, ரெண்டு பேரு போயிட்டாங்க!"ன்னு கத்துன கத்துல அஞ்சாவது மாடியில ஜன்னல் தொறந்துச்சு.

ரெண்டு பேரும் உசுரோட வெளிய வந்ததும் அவருக்குக் கோவம்தான் வந்துச்சு.

"நாளைக்குக் காலையில இந்தத் தரை கண்ணாடி மாதிரி இருக்கணும்!"

மாப்பிள்ளை வீட்டுல இருந்த துணி பவுடர் பூரா கொட்டி, ஓஸ் பைப்பப் பிடிச்சான். நுரை முட்டி வரைக்கும் வந்துச்சு. பக்கத்துல நின்ன செகரட்டரியோட கார், ஹேண்ட் பிரேக் போடாத கார், மெதுவா வழுக்கிக்கிட்டே போயி தூணுல சாஞ்சுக்கிச்சு.

"கண்ணாடி கேட்டாரு"ன்னாரு ஸ்பேனர் அண்ணன். "லைட்டு கண்ணாடி ஒடஞ்சிருச்சு."

அந்த நேரத்துல மாமனார் வீடியோ கால் பண்ணினாரு. மாப்பிள்ளை நுரை தெரியாம போனத் தூக்கிப் பிடிச்சான்.

"மாப்பிள்ளை, வண்டி எப்படி இருக்கு?"

"சூப்பர் மாமா! தினம் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்."

"எங்க, சவுண்டக் கேக்க விடுங்க."

மாப்பிள்ளை கண்ணக் காட்ட, ஸ்பேனர் அண்ணன் ஓடிப் போயி மாப்பிள்ளையோட ஸ்கூட்டர முறுக்கினாரு.

"பலே! அது கிடக்கட்டும்... டேஷ்போர்டுல லைட்டு எதாவது எரியுதா?"

"எரியவே இல்ல மாமா!"

"எரியலையா?" அவரு மொகம் தொங்கிப் போச்சு. "நல்லாப் பாத்தீங்களா மாப்பிள்ளை? ஆரஞ்சு கலர்ல?"

"சத்தியமா இல்ல மாமா."

"சரி... நாளான்னைக்கு நானே வர்றேன். வந்த வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சு."

போன் கட்டாச்சு. மாப்பிள்ளை ஈரத் தரையிலேயே உக்காந்துட்டான்.

"வண்டி மேல எவ்வளவு அக்கறை பாத்தியா? இது தெரிஞ்சா மூஞ்சியில முழிக்க முடியுமா? ஜென்மத்துக்கும் நான் ஃபிரேமுக்கு வெளியதான்."

"அப்பாகிட்ட நான் சொல்றேங்க."

"சொல்லாத. உன் காலப் பிடிச்சுக்கிறேன், சொல்லாத."

ஸ்கூட்டர ஸ்பேனர் அண்ணனுக்கே வித்தான். வந்த காசுலயே செகரட்டரிக்கு லைட்டு போட்டுக் குடுத்தான். கட்டில் வாங்க சேத்து வச்சத எடுத்தான். கார இழுவை வண்டியில ஏத்தி, மறுநாள் காலையில கம்பெனி ஒர்க்‌ஷாப் வாசல்ல எறங்கினான். உள்ள தரை வெள்ளையா, பல் டாக்டர் சகலையோட கிளினிக்க விட சுத்தமா இருந்துச்சு. செருப்பக் கழட்டிரலாமான்னு யோசிச்சான்.

கவுண்டர்ல அதே பொண்ணு. குரல வச்சே கண்டுபிடிச்சான்.

"என்ன பண்ணணும் சார்?"

"எல்லா ஆயிலும். கூலண்ட்டும். உள்ள ஒரு சொட்டு இல்லீங்க."

"ஒரு சொட்டு கூடவா? எப்படி சார்?"

"ஆர்வத்துலங்க."

அந்தப் பொண்ணு கணக்குப் போட்டு ஸ்கிரீனத் திருப்பிக் காட்டுச்சு. போன்ல சொன்னத விட மூணு மடங்கு. மாப்பிள்ளை எழுத்து தெளிவா இருக்கான்னு ரெண்டு கண்ணையும் மாத்தி மாத்தி மூடிப் பாத்தான். தெளிவா இருந்துச்சு. கார்டக் குடுத்தான்.

அப்புறம் கவுண்டர் மேல சாஞ்சு, மெதுவாச் சொன்னான்.

"தங்கச்சி, ஒரே ஒரு உதவி. நாளைக்கு எங்க மாமா வந்துருவாரு. என் ஒருத்தன நம்பித்தான் இந்த வண்டிய விட்டுட்டுப் போனாரு. நான் இங்க வந்தது அவருக்கு மட்டும் தெரியவே கூடாது."

அந்தப் பொண்ணு நம்பர் பிளேட்டு எண்ணத் தட்டி, ஸ்கிரீனப் பாத்து, அவன ரொம்பப் பாவமாப் பாத்துச்சு.

"முந்தின வருஷம் டயருக்குப் பெரிய மாப்பிள்ளை வந்தாரு, போன வருஷம் பிரேக்குக்கு நடு மாப்பிள்ளை வந்தாரு, இந்த வருஷம் ஆயிலுக்கு நீங்க வருவீங்கன்னு உங்க மாமாதான் சார் ஊருக்குக் கிளம்புறதுக்கு மொத நாளே உங்க பேர்ல புக் பண்ணிட்டுப் போனாரு."