போர்க்கப்பலில் தொங்கிய சிவப்பு டேக்

எங்கள் டேக் சாரிடம் 'ரிஜெக்ட்' வாங்காத பொருள் உலகத்தில் ஒன்று இருந்தால், அது இன்னும் அவர் கண்ணில் படவில்லை என்று அர்த்தம்.

ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் நானும் அவரும் வேலை பார்த்தோம். பழுதான பாகத்தில் சிவப்பு டேக் கட்டுவோம். சரிசெய்த பிறகு கட்டியவரேதான் அவிழ்க்க வேண்டும். மற்றவர்கள் ஐந்து மணிக்கு இதை மறந்துவிடுவோம். சார் மல்காஜ்கிரி வீட்டுக்கும் எடுத்துப் போவார். சட்டைப் பையில் எப்போதும் பத்து டேக். கல்யாண மண்டப ஏணி, பக்கத்து வீட்டு ஊஞ்சல், எதுவும் தப்பவில்லை. கேன்டீன் பெஞ்சில் கட்டியபோது, "நக்கோ சார், வேண்டாம்!" என்று கெஞ்சிய கேன்டீன்காரர் மறுநாள் அதிலிருந்தே விழுந்தார்.

இந்த மனிதரோடு, வாங்கப்போகும் மெஷினைப் பரிசோதிக்க என்னை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் பழைய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றைப் பார்க்கப் போனோம். அழகாகப் புதுப்பித்து, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். நான் வாயைப் பிளந்து பீரங்கிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், சாரைக் காணோம்! கீழ்த்தளத்துக்கு இறங்கும் செங்குத்துப் படியில், கைப்பிடிக் கயிற்றில் சிவப்பு டேக் தொங்குகிறது. சார் கைகளை விரித்து வழியை மறித்து நிற்கிறார்.

"சார், இது நம்ம ஃபேக்டரி இல்ல! போலீஸ் வந்தா ரெண்டு பேர் வேலையும் போயிடும்!"

"சும்மா இரும்வே," என்றார் தன் திருநெல்வேலித் தமிழில். "கயிறு உள்ளுக்குள்ள நைஞ்சு கெடக்கு. சின்னப் பிள்ளைக எல்லாம் இதைப் புடிச்சுத்தான எறங்குது?"

காவலர்கள் வந்தார்கள். கப்பலைப் பராமரிக்கும் தாடிக்காரர் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே கயிற்றை ஓர் இழு இழுத்தார். படக்கென்று அறுந்து கையோடு வந்துவிட்டது. அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பியது.

அதோடு விட்டாரா? புதுக் கயிறு கட்டவைத்து, நான்கு முறை ஏறி இறங்கி, தாடிக்காரரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் டேக்கை அவிழ்த்தார். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும்தான்.

சென்ற வருடம் என் மகளுக்குத் தார்நாகாவில் ஒரு வரன் வந்தது. அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. எனக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. சாரை விடாப்பிடியாகப் பையன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவர் பையனோடு அரை மணி நேரம் பேசினார். நான் பையனைப் பார்க்கவே இல்லை, சாரின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை அந்தப் பக்கம் போகவே இல்லை.

அப்புறம்தான் நான் கேசரியை எடுத்து வாயில் போட்டேன்.