நாலு ஓட்டைத் தகடு

கார்க்காரருக்கு அன்று காலையிலிருந்தே ஒரே கவலை. கார் சரியாகிவிடும் போலிருந்தது.

அவர் கார் ஓட்டி யாரும் பார்த்ததில்லை. இருந்தாலும் தெருவில் அவருக்குக் கார்க்காரர் என்றுதான் பெயர். வீட்டை ஒட்டிய ஷெட்டில், அவர் பிறப்பதற்கு முன்பே செய்த ஒரு கார் நின்றது. யாரோ கைகழுவியதை ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டுக்குள் போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே வருவார். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ரேடியோ, ஒரு தலையணை. தலையணை எதற்கு என்று மனைவி கேட்டதற்கு, வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவனுக்குக் கழுத்து என்று ஒன்று இல்லையா என்றார்.

இந்த சுகத்துக்கு ஒரே ஓர் ஆபத்து. கார் வாங்கிய குஷியில் அவர் வாயைக் கொடுத்துவிட்டிருந்தார். வண்டி ஓட ஆரம்பித்துவிட்டால் ஞாயிறுதோறும் மனைவியின் அக்கா வீட்டாரை வெளியே அழைத்துப் போவதாக வாக்கு. அக்கா சாது. அக்கா வீட்டுக்காரர், அதாவது சகலை, சொந்தமாக வீடு கட்டியவர். அந்தக் கதையை அஸ்திவாரத்தில் ஆரம்பித்தால் மொட்டை மாடிக்கு ஏற ஒரு முழுப்பகல் ஆகும். நடுவில் யாராவது தும்மிவிட்டால் மறுபடியும் அஸ்திவாரம்.

ஆகவே கார்க்காரர் மிகுந்த கவனத்தோடு பழுது பார்த்தார். எங்கே சரியாகிவிடுமோ என்ற கவனம். ஆனால் வருஷக்கணக்கில் ஒரு வண்டியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அதுவும் எப்படியோ சரியாகித் தொலைக்கிறது. இப்போது பாக்கி ஒன்றுதான். புகை வெளியேறும் நாலு குழாய்களையும் எஞ்சினோடு சேர்த்துப் பிடிக்கிற தடித்த இரும்புத் தகடு. பட்டறையில் ஃபிளாஞ்ச் என்பார்கள். அந்தக் காலத்து எஞ்சினுக்கு அது எந்தக் கடையிலும் கிடைக்காது. அளவு கொடுத்துச் செய்ய வேண்டும்.

“அது வந்துட்டா வண்டி ஓடும்தானே?” என்றாள் மனைவி. அவர் கேட்ட நாலாவது டீ அவள் கையில் இருந்தது.

“வந்தா ஓடும்.”

“வந்துடும்” என்று டீயை வைத்துவிட்டுப் போனாள். அந்த ஒரு சொல் அவருக்குப் பிடிக்கவில்லை.

அவருக்குத் தைரியம் கொடுத்தது போன தடவை நடந்த விபத்து. அப்போது அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்த கார்க்காரர், எது எஞ்சின் பக்கம் என்பதை உண்மையாகவே மாற்றிச் சொல்லிவிட்டார். பட்டறைக்காரர் தகட்டை வெட்டி, குழாய்களையும் அதன் முதுகில் வெல்டிங் வைத்துக் கொடுத்துவிட்டார். மாட்டிப் பார்த்தால், குழாய் வெளியே பார்த்தபோது ஓட்டை பொருந்தவில்லை. ஓட்டையைப் பொருத்தினால் குழாய் எஞ்சினையே முறைத்தது. எல்லாம் பழைய இரும்புக்குப் போயிற்று. கார்க்காரருக்கு ஒரு மழைக்காலம் முழுக்க நிம்மதி கிடைத்தது.

தெரியாமல் செய்ததற்கே இவ்வளவு பலன் என்றால் தெரிந்து செய்தால்?

எஞ்சினுக்கும் தகட்டுக்கும் நடுவில் வைக்கிற கேஸ்கட்டை அட்டைமேல் வைத்துக் கோடு போட்டு வெட்டினார். ஓட்டைகள் ஒரு கோடியில் நெருக்கியும் மறு கோடியில் தள்ளியும் இருந்தன. மாற்றி வைத்தால் பொருந்தவே பொருந்தாது. பிறகு தப்பான பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, ‘எஞ்சின் பக்கம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

பட்டறைக்காரர் அட்டையை வாங்கிக்கொண்டு, இந்தத் தடவையாவது பக்கம் சரிதானா என்று தயங்கினார். எழுதியே கொடுத்திருக்கிறேனே என்று கார்க்காரர் கோபித்துக்கொண்டார். வீட்டில் மனைவி கேட்டது ஒன்றுதான். போன தடவை மாதிரி குழாயெல்லாம் சேர்த்தே ஒட்டித் தருவாரா? ஆமாம் என்றார் இவர். அவள் “ம்” என்றாள். அந்த ‘ம்’மை அவர் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு பட்டறைக்காரரே வந்தார். சாக்கைப் பிரித்தால் தகடு மட்டும் இருந்தது. குழாய்களைக் காணோம்.

“அம்மா போன் பண்ணாங்க சார். தகட்டை முதல்ல மாட்டிப் பார்த்துட்டு அப்புறம் வெல்டிங் வைங்கன்னாங்க.”

கார்க்காரர் கலங்கவில்லை. தகடே தப்பு, குழாய் எப்போது வந்தால் என்ன? எஞ்சினில் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டுகளுக்கு நேராகத் தகட்டை வைத்தார். பொருந்தவில்லை. ஒத்திகை பார்த்து வைத்திருந்த பெருமூச்சை விட்டார்.

“போச்சு. இதுவும் மாறிப்போச்சு. மறுபடி அட்டையிலிருந்துதான் ஆரம்பிக்கணும்.”

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தகட்டை வாங்கினாள். சூடேறிய தலையணையைப் புரட்டுவது போல அதைப் புரட்டி, போல்ட்டுகளில் செருகினாள். ணங்கென்று போய் உட்கார்ந்தது.

கார்க்காரர் தகட்டைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். பட்டறைக்காரர் மட்டும் கூரையைப் பார்த்தார்.

“அது தப்பான பக்கமாச்சே” என்றார் கார்க்காரர்.

“குழாய் ஒட்டாத வரைக்கும் ரெண்டு பக்கமும் ஒரே வழவழப்பு. இதுல தப்பான பக்கம் எதுங்க?”

“எஞ்சின் பக்கம்னு எழுதியிருந்தேனே.”

“அட்டையிலதானே எழுதினீங்க. இரும்புக்குப் படிக்கத் தெரியுமா?”

பட்டறைக்காரர் குழாய் வைக்க வேண்டிய பக்கத்தில் சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி போட்டு, தகட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். கார்க்காரருக்குத்தான் விளங்கவில்லை. போன தடவை மாறியது மாறியதுதானே, இந்தத் தடவை மட்டும் மாறியது எப்படிச் சரியாகும்? அட்டையை முன்னும் பின்னும் புரட்டினார். இடது கை எது என்பதிலேயே சந்தேகம் வந்துவிட்டது. அட்டையைப் பிடித்துக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்றார். இப்போது இரண்டு பேர் குழம்பினார்கள்.

வாரக் கடைசிக்குள் குழாய்களும் ஏறிவிட்டன. ஞாயிறு காலை கார்க்காரர் பேட்டரியாவது செத்திருக்கும் என்று நம்பிச் சாவியைத் திருப்பினார். அதுவும் துரோகம் செய்தது. முதல் திருப்பிலேயே வண்டி உறுமிக்கொண்டு உயிர்பெற, தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

அக்காவும் சகலையும் ஏற்கெனவே தயாராக நின்றிருந்தார்கள். மனைவி எப்போது சொல்லியனுப்பினாள் என்று தெரியவில்லை. சகலை முன் இருக்கையில் ஏறி, தொண்டையைச் செருமிக்கொண்டார். போகட்டும், பின்னால் மனைவி இருப்பாள், கதையில் பாதியாவது அவள் காதில் விழும் என்று கார்க்காரர் தன்னைத் தேற்றிக்கொண்டார். அக்கா ஏறினாள். கதவு சாத்தப்பட்டது. மனைவி வெளியிலேயே நின்றாள்.

“நீ ஏறலையா?”

“நான் எதுக்குங்க? அக்கா வீட்டாரைக் கூட்டிட்டுப் போறேன்னுதானே சொன்னீங்க.”

“அக்காவோட போகணும்னுதானே நீ இவ்வளவும்...”

“அக்காவை நான் வாரத்துல மூணு நாள் பார்க்கிறேன்.” அவள் ஜன்னல் பக்கம் குனிந்தாள். குரல் தணிந்திருந்தது. “டீ கொண்டா, துணி கொண்டா, டார்ச்சைப் பிடின்னு ஞாயித்துக்கிழமையில நான் உக்காந்து எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?”

அவருக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்ப்பதற்குள் அவள் நிமிர்ந்து, காரின் கூரையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

“மெதுவாவே ஓட்டுங்க. இருட்டறதுக்கு முன்னால வந்துடாதீங்க.”