வாடகைக்கு எடுத்த மூச்சு

அன்புள்ள நியாம்புரா அத்தைக்கு, கதோனி எழுதுவது.

அன்று பந்தலில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "எனக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. அதற்கு ஒரு மெஷின் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன். இத்தனை நாள் மறைத்ததற்கு மன்னித்துவிடு." மாப்பிள்ளை மதெங்கேயிடம் தனியாகச் சொல்வதற்காக மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். அதற்குப் பதிலாக, இரண்டு வீட்டுச் சொந்தமும் சுற்றி நிற்க, என் வாயிலிருந்து வந்தது, "நான் ஒண்ணும் தூங்கலை."

உங்கள் கால் கட்டு எப்படி இருக்கிறது? மொம்பாசாப் புழுக்கத்தில் மாவுக்கட்டுக்குள் அரிப்பதாக அப்பா சொன்னார். என் பரிசப் பேச்சுக்கு நீங்கள் வர முடியாமல் போனதில் எல்லோருக்கும் வருத்தம், எனக்கு மட்டும் கொஞ்சம் நிம்மதி. போனில் யாரைக் கேட்டாலும் பாதியிலேயே சிரித்துவிடுகிறார்கள், நீயாவது முழுசா எழுது என்றீர்கள். எழுதுகிறேன். சிரிப்பதானால் காலை அசைக்காமல் சிரியுங்கள்.

மெஷினை வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்று நான் கேட்டபோது நீங்கள் சொன்னது நினைவிருக்கும். "நோயை யாராச்சும் காசு குடுத்து சொந்தமா வாங்குவாங்களாடி? வாடகைக்கு எடு. கல்யாணத்துக்கு முன்னாடி திருப்பிக் குடுத்துடு. கல்யாணமானா எல்லாம் தானா சரியாயிடும். பையன்கிட்ட மட்டும் வாயைத் திறக்காதே." உங்களைக் குறை சொல்லவில்லை அத்தை. எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. வாங்கினால் நான் நோயாளி. வாடகை என்றால் நோய் நாலு நாள் தங்கிவிட்டுப் போகிற விருந்தாளி. கடைக்காரப் பெண்கூட, "ராத்திரி கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க? வாங்குறவங்களுக்குத்தான் பேட்டரி தர்றோம், வாடகைக்குக் கிடையாது" என்று எச்சரித்தாள். நைரோபியில் என் தெருவில் கரண்ட் போவதில்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தேன்.

பரிசப் பேச்சுக்கு முந்தின நாள் லிமுருவுக்கு, அப்பா வீட்டுக்குப் போனேன். மலை முழுக்கக் கரண்ட் இல்லை. மெஷின் இல்லாமல் நான் தூங்கினால் அது தூக்கமில்லை, மூழ்கி மூழ்கி எழுவது. விடிந்ததும் அம்மா கீரையும் உருளைக்கிழங்கும் பிசைந்த முகிமோவை இரண்டு தட்டு சாப்பிட வைத்தாள். அதற்குமேல் என்னையும் தங்கை ஷீருவையும் சித்தப்பா பெண்கள் இரண்டு பேரையும் பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, தலையிலிருந்து கால்வரை லேசோத் துணியால் மூடி, குளிருக்கு ஆளுக்கொரு கம்பளி வேறு போர்த்தினாள். மாப்பிள்ளை வந்து தன் பெண் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும், தவறினால் அவன் அத்தைமார்களுக்கு அபராதம் கட்ட வேண்டும், யாரும் சத்தம் போடக் கூடாது. இருட்டு, கதகதப்பு, வயிறு நிறையச் சாப்பாடு, பேசக் கூடாது என்ற கட்டளை. என்னை மாதிரி ஒருத்தியை அப்படி உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஆனது.

நான் விழிக்கும்வரை நடந்ததெல்லாம் பக்கத்தில் இருந்த ஷீரு சொன்னது. மதெங்கே முதல் துணியை நெருங்கும்போதே என் குறட்டை கிளம்பிவிட்டதாம். தேங்காய் துருவுகிற மாதிரி ஆரம்பித்து, ஏறி, திடீரென்று நின்றுவிட்டதாம். பந்தலே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததாம். யாரோ, "அய்யோ, போயிடுச்சா?" என்று கேட்கவும், பனிக்காலத்தில் டிராக்டர் கிளம்புகிற மாதிரி மறுபடி ஓர் உறுமல். ஷீரு கிள்ளியிருக்கிறாள். கம்பளியைத்தான் கிள்ளியிருக்கிறாள். மதெங்கே என் முன்னால் நின்று சிரித்தானாம்.

"என்னை ஏமாத்த முடியாது. இது எழுபது வயசுக் குறட்டை. கிழவியைக் கொண்டுவந்து நடுவில உட்கார வெச்சிருக்கீங்க."

மாப்பிள்ளையை ஏமாற்றக் கிழவியைச் செருகுவது நம் வீட்டார் வழக்கம்தானே, உங்களுக்கும் செய்தார்கள். அதனால் அவன் சந்தேகப்படவே இல்லை. குனிந்து, மரியாதையாக, "தூங்குங்கம்மா, தூங்குங்க. சத்தம் போட்டு எழுப்பிட்டோமோ?" என்று சொல்லிவிட்டு நகர்ந்து ஷீருவின் துணியைத் தூக்கினான். அபராதம். சித்தப்பா பெண்கள் இரண்டு பேரையும் தூக்கினான். இன்னும் இரண்டு அபராதம். (உங்கள் பங்கு அம்மாவிடம் இருக்கிறது.) கடைசியில் மிச்சம் இருந்தது கிழவி மட்டும்.

துணி விலகி வெளிச்சம் பட்டதும்தான், வாய் ஓரம் ஈரத்தோடு, அந்த வாக்கியத்தைச் சொன்னேன். நான் ஒண்ணும் தூங்கலை.

அத்தை, சிரிப்பு என்னை ஒன்றும் செய்யவில்லை. மதெங்கே சிரிக்காமல் நின்றானே, அதுதான். இனி இந்தப் பேச்சு முறிந்துவிடும் என்று அந்த முகத்தைப் பார்த்ததும் முடிவுகட்டினேன். ஏமாற்றிவிட்டாள் என்று அவன் திரும்பிப் போனால் அவன் பக்கம்தான் நியாயம்.

அவர்கள் தரப்பில் பேச வந்த பெரியவர் முரியுகி தடியை ஊன்றி எழுந்தார். "நாங்க பொண்ணு கேட்டு வந்தோம். நீங்க மாவு மில்லைக் காட்டுறீங்களே."

நம் தரப்பில் பேசிய கிதாஹி மாமா விடுவாரா? "பெரியவரே, மில்லை நிறுத்துற சுவிட்சும் கூடவே தர்றோம்." உடனே அம்மா, என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, உள்ளே ஓடிப்போய் அந்தக் கறுப்புப் பையைக் கொண்டுவந்து, பரிசப் பொருள் வைத்த மேஜையில் தேன் குடத்துக்கும் கம்பளிக் கட்டுக்கும் நடுவில் வைத்துத் திறந்துவிட்டாள். யாருக்கும் காட்டாமல் அலமாரிக்குள் ஒளித்து வைத்திருந்த என் முகமூடி, குழாய், எல்லாம் மேஜைமேல். பால் பண்ணைக்காரர்கள் கூட்டம் அல்லவா, முதல் கேள்வியே, "இது மாடு கறக்குற மெஷினா?" என்பதுதான்.

"மூச்சு மெஷின்" என்றாள் அம்மா.

"சொந்தமா?" என்றார் முரியுகி.

அம்மாவுக்குப் பொய் வராது. "வாடகைங்க."

"வாடகையா? இந்த மேஜைமேல இரவல் சாமான் வைக்கலாமா? இன்னிக்கு மெஷின் வாடகைன்னா, நாளைக்குப் பொண்ணும் வாடகைன்னு சொல்லுவீங்களா?"

"நாங்க பொண்ணை விக்க உட்காரலை பெரியவரே. மெஷினை வேணா விலை பேசுங்க" என்றார் கிதாஹி மாமா.

"சரி, அது எத்தனை ஆடு?"

இப்படித்தான் ஆரம்பித்தது. பரிசத்துக்கு ஆடு பேசுகிற மாதிரியே என் மூச்சுக்கு எத்தனை ஆடு என்று இரண்டு தரப்பும் பேசியதை நான் அந்தப் பெஞ்சிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பெண்ணுக்கு நாங்களே வாங்கித் தருவோம் என்றார் அப்பா. எங்கள் வீட்டுக்கு வருகிறவளுக்கு நீங்கள் எதற்கு வாங்க வேண்டும் என்று அவர்கள். கல்யாணம் வரைக்கும் வாடகை, அப்புறம் சொந்தம் என்று சித்தப்பா ஒரு சமரசம் சொல்லி இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். நான் படித்த அத்தனை புத்தகங்களிலும் இப்படி ஓர் அவமானத்துக்கு முன்மாதிரி தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மதெங்கே வந்து நின்றான். அவன் தண்ணீர் வாரியத்தில் வேலை செய்கிறவன், உங்களுக்குத் தெரியும். தொட்டியின் குழாயைத் திருகிப் பார்த்தபடியே பேசினான், என் முகத்தைப் பார்க்காமல்.

"அப்போ சினிமாவில தூங்கினது, கார்ல தூங்கினது, எல்லாம் இதனாலதானா?"

"ஆமா."

"நான் பேசுறது உனக்குச் சலிப்பா இருக்குன்னு நினைச்சேன் கதோனி. வால்வைப் பத்திப் பேசினேன், தூங்கினே. சரின்னு திமிங்கிலத்தைப் பத்திப் படிச்சுட்டு வந்து பேசினேன். அதுக்கும் தூங்கினே. வாராவாரம் உனக்காக உட்கார்ந்து புதுசா ஏதாவது படிப்பேன். எங்க அம்மாகூட, உனக்கு எதுக்குடா இப்ப எரிமலைன்னு கேட்டாங்க."

அத்தை, நான் மறைத்தது என் வெட்கத்தைத்தான் என்று நினைத்திருந்தேன். அதை அவன் தன் குறையாகச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறான். பந்தலில் வராத வெட்கம் அந்தத் தொட்டிக்குப் பின்னால் வந்தது. அந்த மனப்பாட வாக்கியத்தில் ஒரு சொல்கூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

"மதெங்கே, நீ சலிப்பே இல்லை. எனக்கு வால்வுப் பேச்சு ரொம்பப் பிடிக்கும். தூக்கம் நோயினால வந்தது, உன்னால இல்லை. சத்தியமா."

அவன் குழாயை மூடினான். "நிஜமாவா? அப்ப அந்தத் திமிங்கிலத்தை விட்டுடலாமா?" என்றான். என் துணியை விலக்கியதற்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தான்.

ஆகவே முடிவு இது. ஆட்டுக் கணக்கு யாரும் பேச வேண்டாம். மெஷினை என் சம்பளத்தில் நானே வாங்குகிறேன். வாடகை மெஷினை அப்பா வீட்டிலிருந்து எடுத்துவந்து திங்களன்று கடையில் ஒப்படைக்கிறேன். இனி எதையும் மறைப்பதில்லை, யாரிடமும், குறிப்பாக அவனிடம்.

உங்கள் கால் சீக்கிரம் தரையில் ஊன்றட்டும். மாமாவுக்கும் பக்கத்து வீட்டு அமீனாவுக்கும் என் அன்பு. நம் வீட்டில் எல்லோரும் நன்றாக உறங்கி நலமாக எழ வேண்டும் என்று இறைவனை வேண்டும்,

உங்கள் கதோனி

பின்குறிப்பு: இந்தக் கடிதம் ஒன்றரை மாதம் என் கைப்பையிலேயே கிடந்துவிட்டது. இதற்குள் சில மாறுதல்கள். வாடகை மெஷினைத் திருப்பித் தர முடியவில்லை. அன்று சாப்பாட்டுக்குப் பிறகு கரண்ட் வந்ததும், இது வேலை செய்கிறதா என்று சோதிப்பதாக அப்பா அறையில் முகமூடியைப் போட்டுப் படுத்த முரியுகிப் பெரியவர், மற்றவர்கள் கிளம்பும்வரை எழவே இல்லையாம். எழுந்ததும் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார். முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பார்த்தார், அவருக்கும் இதே நோய். ஆனாலும் சொந்தமாக வாங்க மாட்டாராம், நோயை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்று கேட்கிறாராம். வாடகை இன்னும் என் பெயரில்தான் ஓடுகிறது. அவர் மனைவி போன் செய்தார், "வீடே அமைதியாயிடுச்சும்மா, இப்ப எனக்குத்தான் தூக்கம் வரலை" என்று.

நான் பேட்டரியோடு ஒன்று வாங்கிவிட்டேன். தினமும் நன்றாகத் தூங்குகிறேன். கல்யாணம் ஆகஸ்டில். போன ஞாயிற்றுக்கிழமை மதெங்கே வந்து, குழாய் வால்வுகளின் வகைகளைப் பற்றி மதியம் முழுக்கப் பேசினான். நான் ஒரு நொடிகூடக் கண் அசராமல் கேட்டேன். தாங்க முடியாத சலிப்பாக இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.