மோட்டார் எடுக்கப் போன மருமகள்

மாமியார் வீட்டில் நமக்கு என்னென்ன தெரியும் என்பதை வாய் திறந்து சொல்லவே கூடாது. வடை சுடத் தெரியும் என்றால் பொழுதெல்லாம் அடுப்படியோடு போய்விடும். நான் தண்ணீருக்கடியில் மூச்சு விடத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

அப்போது ஸ்காட்லாந்தில் ஓர் ஆய்வகத்தில் வேலை. விடுமுறை நாட்களில் ஸ்கூபா டைவிங். அந்தக் கடல் ஐஸ் போட்ட மோர் மாதிரி இருக்கும். அதனால் டிரைசூட் போட்டுக்கொள்வோம். சொட்டுத் தண்ணீர் உள்ளே புகாத உடுப்பு. முதுகுச் சிலிண்டரிலிருந்து ஒரு தனிக் குழாய் வந்து அதற்குள் காற்றை நிரப்பும். வெதுவெதுப்பான தண்ணீருக்கு வெட்சூட் போதும். அது நனைகிற உடுப்பு, அந்தக் குழாய் தேவையில்லை. ஆகவே டிரைசூட்டிலிருந்து வெட்சூட்டுக்கு மாறும்போது அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு, அது இருந்த துளையை மூடிவிட வேண்டும். கிளப்பில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துவதே நான்தான் (ஒரு விரலை உயர்த்திக்கொண்டு).

லீவுக்கு என் கணவர் செந்திலின் ஊருக்கு வந்தோம். குத்தாலத்துக்குப் பக்கம். திரும்பும்போது புதுச்சேரியில் கடலில் இறங்குவதாகத் திட்டம். வரும் வழியிலேயே அங்கே ஒரு நண்பரிடம் சிலிண்டர் வாங்கி காரில் போட்டுக்கொண்டோம். டிரைசூட்டை ஸ்காட்லாந்திலேயே விட்டுவிட்டு வந்தேன். கையோடு கொண்டுவந்த மூச்சுக் கருவியிலிருந்து அதன் குழாயை மட்டும் கழற்றவில்லை. அதற்கு ஒரு சின்ன ஸ்பேனர் தேட வேண்டியிருந்தது. தொங்கினால் தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. வயலோரக் குளத்திலிருந்து மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் காலை அதைத் தாங்கியிருந்த பலகை முறிந்து மோட்டார் குளத்துக்குள் சரிந்துவிட்டது. அதைக் கட்டியிருந்த கறுப்பு நைலான் கயிறும் மரத்திலிருந்து உருவிக்கொண்டு கூடவே போய்விட்டது. செங்கல் சூளைக்கு மண் எடுத்து எடுத்து ஆழமாகிப்போன குளம் அது. மூச்சடக்கி முழுகிப் பார்த்தவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். என் மாமனார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வெயிலில் நாற்று நுனி சுருளத் தொடங்கியிருந்தது.

"நான் எடுத்துத் தரேன் மாமா. எனக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு" என்றேன்.

வெட்சூட்டோடு நான் வெளியே வந்ததும் அத்தை வழியை மறித்தார். "என்னம்மா இது, தோல் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு? ஊரே கரையில நிக்குது." தன்னுடைய பூப்போட்ட நைட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் தலைவழியே மாட்டினார். அதன்மேல் சிலிண்டர், முகக்கண்ணாடி, காலில் துடுப்பு. கையில் ஸ்காட்லாந்துக் குளிருக்கான தடித்த கையுறை (கொளுத்துகிற வெயிலில்! பழக்கதோஷம்).

செந்தில் என் இடப்பக்கத்தைக் காட்டினார். "சுதா, இது என்ன தனியா தொங்குது?"

"அது சும்மா. உங்களுக்குப் புரியாது."

மோட்டாரின் பியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். கயிற்றின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து மறுமுனையைக் கரையில் பிடித்துக்கொண்டார்கள். அடியில் மோட்டாரின் கயிற்றைத் தேடி, இதை அதில் கட்டிவிட்டுச் சுண்ட வேண்டும்; சுண்டியதும் கரையிலிருந்து இழுப்பார்கள். குதித்தேன். நைட்டி குடை மாதிரி உப்பி என்னைக் குளத்தின் நடுவில் நிறுத்திக்கொண்டது.

"காத்தை அமுக்கி விடும்மா!" என்று அத்தை கத்தினார்.

அமுக்கிவிட்டு இறங்கினேன். கீழே கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. சேற்றைத் துழாவினேன். நத்தை, ஓடு, யாருடையதோ ஒற்றைச் செருப்பு. கடைசியில் விரல் தடிமனில் உருண்டையாக ஒன்று கையில் தட்டுப்பட்டது. கயிறேதான்! இழுத்துப் பார்த்தேன். உறுதியாக இருந்தது. என் தோள் மட்டும் லேசாகச் சரிந்தது. சேறு வழுக்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிளப்பில் கற்றுக்கொண்ட உயர்தர முடிச்சைப் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்டினேன்.

அடுத்த நொடி என்னை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். திமிறினேன். திமிறத் திமிற இன்னும் வேகமாக இழுத்தார்கள்.

கரையில் நடந்ததைச் செந்தில்தான் பிறகு சொன்னார். "வருது, வருது! நல்ல கனமா வருது!" என்று மாமா துள்ளியிருக்கிறார். அத்தை மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "பூப்பூவாத் தெரியுதே, மோட்டார்ல ஏது பூவு?" என்றிருக்கிறார்.

நான் பாசியும் சேறுமாகப் பின்பக்கமாகக் கரையேறினேன். முடிச்சு என் டிரைசூட் குழாயில் அழகாக இறுகியிருந்தது.

"ஏம்மா, மோட்டார் எங்க?" என்றார் மாமா, கயிற்றை விடாமல்.

"அக்கா தன்னையே கட்டிக்கிட்டு வந்துட்டாங்கய்யா!" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதும் கரையே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. திரும்பி நாற்றங்காலைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை இறங்குறேன் மாமா" என்றேன்.

செந்தில் முடிச்சை அவிழ்த்தார். சாக்கு தைக்கிற சணலால் அந்தக் குழாயை என் தோள்பட்டையோடு சேர்த்துச் சுற்றி இறுக்கினார். கையுறையைக் கழற்றி எறிந்தேன். இந்த முறை வெறுங்கையில் நைலானின் சொரசொரப்பு தெரிந்தது. ஆனாலும் கட்டுவதற்கு முன் கழுத்து, இடுப்பு, கால் எல்லாவற்றையும் தடவி, அது என்னுடையது இல்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

மோட்டார் ஒரு கூடைச் சேற்றோடு வந்தது. உள்ளே நனைந்துபோன கம்பிச்சுருளை மாற்றி, அதாவது காயில் கட்டி, ஓரிரு நாளில் தண்ணீர் இறைத்தார்கள். நாற்று ஓரங்களில் பழுத்ததோடு பிழைத்துக்கொண்டது. நடவுக்கும் குறையில்லை.

இன்றுவரை வீட்டுக்கு யார் வந்தாலும், காபி டம்ளரை நீட்டிக்கொண்டே அத்தை என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "எங்க குளத்துலேருந்து ஒரே நாள்ல ரெண்டு உருப்படி எடுத்தோம். மொதல்ல வந்தது இவ. அப்புறந்தான் மோட்டாரு. மோட்டாருக்குக் காயில் கட்டிச் சரி பண்ணிட்டோம். இவளை அப்படியேதான் வச்சிருக்கோம்."