நடிகை விட்ட இழையை நான் கூட்டிய கதை

பேர் பெற்றவர் கோணலாகப் போட்டால் அதற்குப் பேர் பாணி. நாம் கோணலாகப் போட்டால், "கண்ணாடிய மாத்து" என்பார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குள், அத்தனை ஜனத்துக்கு முன்னால், குனிந்த முதுகோடு நானே தெரிந்துகொண்டேன்.

என் மருமகள் செல்வி அந்தக் கம்பெனியில் லைனில் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கு, வேலை செய்கிறவர்களின் குடும்பங்களுக்குக் கோலப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு வாங்கும் கோலத்தைக் கேட்டுக்கு முன்னால் பெயின்ட்டில் வரைந்து, போட்டவர் பேரையும் எழுதுவார்களாம். கோலம் என்றால் மறுநாள் பெருக்கித் தள்ளுவதுதானே? என் கோலம் அழியாமல் கிடக்கப்போகிறது, அதன் கீழே கன்னியம்மா என்று என் பேர் இருக்கப்போகிறது என்றதும் எனக்குத் தூக்கம் போயிற்று. பென்னலூரில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். (பரிசு வாங்குவதற்கு முன்னால்தான். வாங்கிய பிறகு சொல்ல எல்லாராலும் முடியும்.)

பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் பக்கத்தில் சிக்குக் கோலம் என்றால் நான்தான். (பெருமைக்குத்தான் சொல்கிறேன்.)

கம்பெனி பஸ்ஸில் போய் இறங்கினோம். எனக்கும் பக்கத்து வீட்டு அலமேலுவுக்கும் (அவள் மகனுக்கும் அங்கேதான் வேலை) அடுத்தடுத்த கட்டம். என் கோலம் ஓர் இழை பிசகாமல் வந்தது. அந்த நேரத்தில் சிறப்பு விருந்தினரின் கார் வந்து நின்றது. சீரியல் நடிகை. சாயங்கால நாடகத்தில் மாமியாரிடம் பாடாய்ப் படும் மருமகளாக வருகிறாளே, அந்தப் பெண். அவளுக்காகத் தினமும் அழுகிறவள் நான். அவளும் ஒரு கட்டத்தில் உட்கார்ந்து சின்னதாக ஒரு சிக்குக் கோலம் போட்டாள். மேடைக்குக் கூப்பிட்டதும் எழுந்து போனாள். கூட்டமும் பின்னாலேயே போய்விட்டது. அவள் கோலத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, எதிரே ஒரு கேமராவையும் நிறுத்தினார்கள். எங்கள் கோலங்களுக்குக் கயிறு கிடையாது. என் கோலத்தின் ஓரத்தில் ஒருத்தன் ஷூக் காலை வைத்துவிட்டே போனான்.

முட்டி வலியால் நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடி பார்த்தால், நடிகை கோலத்தில் ஓர் இழை கூடவில்லை. கை அகலத்துக்கு வாய் திறந்து கிடந்தது. இழை கூடாத கோலம் போட்டால் குடும்பம் கூடாது என்பார்கள் எங்கள் வீட்டில். அந்தப் பெண் நாடகத்தில் படுவது போதாதா? புருஷனும் இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறான். மனசு கேட்கவில்லை.

கயிற்றில் ஒரு பலகை தொங்கியது. எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும். கோலம் படிக்க நேரமே ஆகாது. மாவுக் கிண்ணத்தோடு கயிற்றுக்குள் நுழைந்தேன்.

அந்தக் கேமரா பிடிப்பதெல்லாம் மேடைக்குப் பக்கத்துப் பெரிய திரையில் தெரியும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அங்கே நடுவராக வந்த ஓவியக் கல்லூரி வாத்தியார் மைக்கில் பேசிக்கொண்டிருந்தாராம். "அந்த இடைவெளியைப் பாருங்க. வேணும்னே முடிக்காம விட்டிருக்காங்க. மரபை உடைக்கிற துணிச்சல் அது!"

எல்லாரும் பார்த்தார்கள். முதலில் திரை முழுக்க என் முதுகு வந்தது. பிறகு என் வளையல் கை வந்து மரபை ஒட்டவைத்தது.

கூட்டம் கூவியது. நடிகைக்குத்தான் கூவுகிறார்கள் என்று, நான் நிதானமாக வளைவைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

செல்வி ஓடி வந்தாள். "அத்தே! இன்னா வேல பண்ணிட்ட நீ? என் சூப்பர்வைசர் பாத்துக்கினு கீறாரு!"

"இழ தொறந்து கெடந்துச்சுடி. பாவம் அந்தப் பொண்ணு."

என்னை மேடைக்கே கூட்டிப் போனார்கள். "இன்னொருத்தர் படைப்புல கை வைக்கலாமாம்மா?" என்றார் நடுவர். நான் பதில் சொல்வதற்குள் நடிகை மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"அவங்களத் திட்டாதீங்க சார். மாவு தீந்துபோச்சு, அதான் அப்படியே விட்டுட்டேன்."

பந்தலே சிரித்தது. நடுவர் கொஞ்சம் யோசித்தார். "மாவு தீர்ந்த இடத்துல நிறுத்தத் தெரியறதும் கலைதான்" என்றார்.

முதல் பரிசு நடிகைக்கு. எனக்கு, வந்த எல்லாருக்கும் கொடுத்த எவர்சில்வர் டப்பா.

திரும்பும்போது பஸ்ஸில் அலமேலு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சொன்னேன்: "அந்தப் பொண்ணு மேல கோவம் இல்ல அலமேலு. மாவு தீந்து நான் வுட்டிருந்தா கலைன்னு சொல்லியிருப்பாங்களா? மூஞ்சப் பாத்துக் குடுத்துட்டாங்க."

அலமேலு டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "ஏன்கா, திருவிழான்னா கோயில் வாசல உனக்குன்னு வுட்டு வெக்கிறாங்களே, யார்னா என் கோலத்த ஒரு தபா பாத்துட்டா அப்டி வெக்கிறாங்க? நம்ம தெருவுல நீதான்கா ஆக்டரு."

 பென்னலூர் வரும்வரை அதையே யோசித்தேன். (இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.)

சொன்னபடியே கேட்டுக்கு முன்னால் பெயின்ட்டில் வரைந்தார்கள். கீழே நடிகையின் பேர். ஆனால் பெயின்டர், யாரோ போனில் பிடித்திருந்த போட்டோவைப் பார்த்து வரைந்தாராம். அது நான் கை வைத்த பிறகு எடுத்தது. இழை கூடித்தான் இருக்கிறது. லாரிகள் அதன் மேலேதான் போய் வருகின்றன.

இப்போதெல்லாம் செல்வி பாத்திரத்தைப் பாதி கழுவிப் போட்டுவிட்டு, "தொடாத அத்தே, அது துணிச்சல்" என்கிறாள். ஷிப்ட் முடிந்து செருப்பைக் கழற்றும்போதே, "கேட்டாண்ட நீ கூட்டுன கை அகலம் அப்டியே கீது அத்தே, மீதிதான் லாரி ஏறித் தேஞ்சிபோச்சு" என்பாள். வீடே சிரிக்கும்.

நான் சிரிப்பதில்லை. மழை பெய்த மறுநாள் மட்டும், அவள் சொல்வதற்கு முன்னால், அந்தக் கை அகலம் இன்னும் இருக்கிறதா என்று நானே கேட்டுவிடுவேன்.